சிவப்புக் கல்லைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் வீட்டில் சிவப்புக் கல் மூன்று இடங்களில் இருக்கிறது. பாட்டியின் ஏழுகல் தோட்டில், பெண்ணுக்கு வாங்கிய பரதநாட்டிய டான்ஸ் செட்டில், தாத்தாவின் பழைய கைக்கடிகாரத்துக்குள். முதல் இரண்டையும் ‘கெம்பு’ என்போம். மூன்றாவதை யாரும் கல்லாகவே நினைப்பதில்லை. முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். உண்மையில் டான்ஸ் செட்டில் பதித்தது கண்ணாடி. கடிகாரத்துக்குள் சக்கரங்களின் அச்சைத் தாங்குவது மாணிக்கம்; ஆலையில் செய்தது, ஆனாலும் மாணிக்கம்தான்.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. கெம்பு என்றால் சிவப்பு. கன்னடத்தில் இன்றும் அந்த நிறத்துக்கு அதுதான் சொல். சிவந்த கல் எல்லாம் அந்தப் பெயருக்குள் புகுந்துகொள்ளும்.

மாணிக்கம் எது?

குருந்தம் என்ற கனிமத்தின் சிவப்பு வகையே மாணிக்கம். சாணைக்கல்லில் பயன்படும் அதே குருந்தம்தான். ஆங்கிலேயர் ‘கொரண்டம்’ என்று எழுதிவைத்ததும் இந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டுத்தான். குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு; சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அதாவது மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, இதற்கு 9.

பேர்போன மாணிக்கங்கள் மியான்மரின் மோகோக் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை. ‘புறா ரத்தம்’ என்று வியாபாரிகள் சொல்லும் ஆழ்ந்த சிவப்புக்கு அந்த ஊர்தான் அளவுகோல். இலங்கையின் இரத்தினபுரிக் கற்கள் கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருக்கும். 2009-க்குப் பிறகு சந்தைக்கு நிறைய வருவது மொசாம்பிக் கல்.

ஏமாந்தவர்களில் அரசர்களும் உண்டு. பிரிட்டிஷ் மணிமுடியின் முன்பக்கத்தில் இருக்கும் ‘கறுப்பு இளவரசனின் மாணிக்கம்’ மாணிக்கமே அல்ல. ஸ்பினெல் என்ற வேறு கல். பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

நம்பிக்கையும் கதையும்

நவரத்தினத்தில் மாணிக்கம் சூரியனுக்கு உரியது. அதனால்தான் நவரத்தின மோதிரத்தில் மற்ற எட்டும் சுற்றி நிற்க, இது நடுவில் உட்காருகிறது. ஜோதிடர்கள் இதைத் தங்கத்தில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை, வலது கை மோதிர விரலில் போடச் சொல்வார்கள். பதவி, தன்னம்பிக்கை, தந்தை வழி நன்மை ஆகியவை இதன் பலன்களாகச் சொல்லப்படுகின்றன. இவை நம்பிக்கை சார்ந்தவை. சோதித்து நிறுவியவை அல்ல. நாகமாணிக்கமும் அப்படித்தான். எந்தப் பாம்பின் தலையிலும் கல் விளைவதில்லை. அதைக் காட்டிப் பணம் கேட்பவரிடமிருந்து விலகி நடப்பதே நல்லது.

தமிழில் இந்தக் கல்லுக்கு இன்னொரு பெருமை உண்டு. சிலப்பதிகார வழக்கின் தீர்ப்பே இதை வைத்துத்தான். அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. உடைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

உடைக்காமல் அறிவது எப்படி?

பாலில் போட்டால் பால் சிவக்கும் என்பார்கள். சிவக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இதைவிட நம்பகமான சாட்சி.

பாட்டியின் தோட்டை ரத்தினம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். ஆறு கல்லில் மெல்லிய ஊசிகள் போன்ற இழைகள் தெரிந்தன. பட்டு என்று அதைச் சொல்கிறார்கள். மண்ணுக்கடியில் விளைந்ததற்கு அது அடையாளம். ஏழாவது கல் மட்டும் ரொம்பச் சுத்தம். சாய்த்துப் பார்த்தபோது இசைத்தட்டின் கோடு போல வளைந்த வரிகள். எப்போதோ விழுந்த கல்லுக்குப் பதிலாக யாரோ செயற்கைக் கல்லை வைத்திருக்கிறார்கள்.

அந்த வளைவுக்குக் காரணம் உண்டு. 1902-இல் பிரான்ஸின் அகஸ்த் வெர்னய் வெளியிட்ட முறையில், அலுமினியம் ஆக்சைடு தூளைச் சுடர் வழியே கொட்டுவார்கள். அது உருகிச் சொட்டி, அடுக்கடுக்காக வளரும். அடுக்கின் மேற்பரப்பு வளைவாக இருப்பதால் கோடும் வளைகிறது. இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும்.

செயற்கைக் கல்லைவிடச் சிக்கலானது கண்ணாடி நிரப்பிய கல். விரிசல் நிறைந்த மலிவான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். நிறம் கூட்டுவதற்காகச் சூடேற்றிய கல் வேறு; இலங்கையில் ஊதுகுழல் வைத்துக் கரியடுப்பில் சுடுவது நெடுநாள் பழக்கம், அதை வியாபாரமும் ஏற்கிறது. ஆகவே வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இயற்கையா, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா? பதிலைப் பரிசோதனைக்கூடச் சான்றிதழில் எழுத்தாகக் கேளுங்கள். பழைய நகையை விற்கப் போனால் பெரும்பாலும் கல்லைக் கழித்துத்தான் எடை போடுவார்கள். சான்றிதழ் இல்லாத கல்லுக்கு அங்கே வாதாட ஆளில்லை.

பராமரிப்பு

முதலில் நகையைத் திருப்பிப் பாருங்கள். கல்லின் பின்பக்கம் திறந்திருந்தால் ஓபன் செட்டிங். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு அல்லது பூந்திக்கொட்டை ஊறிய நீர் விட்டு, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேயுங்கள். கல் மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கே படியும் எண்ணெயும் பவுடரும்தான்.

பின்பக்கம் மூடியிருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. கோயில் நகைகளில் கல்லுக்கு அடியில் மினுக்குத் தாளும் அரக்கும் இருக்கலாம். ஈரம் உள்ளே போனால் தாள் கறுத்துவிடும், கல்லும் செத்தது போல் ஆகிவிடும். பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள்.

எலுமிச்சை, புளி, சோடா எதுவும் வேண்டாம். நல்ல கல்லை அவை ஒன்றும் செய்யாது, ஆனால் நிரப்பிய கண்ணாடியை அமிலம் அரித்துவிடும். மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுக்கும்போது கல் எப்படிப்பட்டது என்று ஆசாரியிடம் முன்பே சொல்லுங்கள். நிரப்பிய கல் பற்றவைக்கும் சூட்டைத் தாங்காது.

மாணிக்கம் முத்தைக் கீறும், வைரம் மாணிக்கத்தைக் கீறும். தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். கடினமான கல் ஆயிற்றே என்று தரையில் போட்டுவிடாதீர்கள்; கீறல் விழாத கல்லும் அடிபட்டால் உடையும். மாதம் ஒருமுறை நகையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது என்று அர்த்தம். அன்றே கொண்டுபோய்ப் பிடிப்பை இறுக்கிவிட்டால், எங்கள் தோட்டின் ஏழாவது கல்லுக்கு நேர்ந்தது உங்கள் கல்லுக்கு நேராது.