குமிழியில் ஏறும் நிக்கல்

முலாம் பூசும் பட்டறையில், நிக்கல் தொட்டியிலிருந்து எடுத்த உருப்படியை அலசிய நீர் இளம்பச்சையாக, ஆனால் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். நாள் முழுக்க வைத்தாலும் மண்டி படியாது. துணியில் வடிகட்டினால் பச்சையும் சேர்ந்தே வடியும். அதில் இருப்பது நிக்கல் தூள் அல்ல, நீரில் கரைந்துவிட்ட அயனிகள்.

வெல்லம் காய்ச்சுகிறவர்கள் கொதிக்கும் கரும்புச்சாற்றில் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அழுக்கு திரண்டு மேலே வரும், வழித்து எடுத்துவிடுவார்கள். சுரங்கங்களிலும் அரைத்த தாதுவை நுரையில் ஏற்றிப் பிரிப்பது நூறாண்டுப் பழக்கம். துகளே இல்லாத, கரைந்த அயனியையும் அப்படி ஏற்றலாம் என்று 1959இல் காட்டினார் தென்னாப்பிரிக்க வேதியியலாளர் ஃபெலிக்ஸ் செபா.

அவர் துணைக்கு அழைத்தது சோப்பு போன்ற பொருள்களை. ஷாம்பூவில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் டோடெசில் சல்ஃபேட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை நீரை விடாது. வாலுக்கு நீர் ஆகாது, காற்றைத் தேடும். அடியிலிருந்து காற்றை ஊதினால் வால்கள் குமிழிக்குள் நீட்டிக்கொள்ள, தலைகள் வெளியே நீரில் நிற்கும். தலையில் எதிர்மின்னூட்டம், நிக்கலில் நேர்மின்னூட்டம். ஒட்டிக்கொண்ட நிக்கல் குமிழியோடு மேலேறி நுரையில் சேரும். தொட்டி முழுக்கப் பரவியிருந்த உலோகம் சிறிதளவு நுரைக்குள் திரண்டுவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

பட்டறை நீரில் இது அவ்வளவு எளிதல்ல. ஒரு நிக்கலுக்கு இரண்டு மூலக்கூறுகள் தேவை. கடினநீராக இருந்தால் கால்சியமும் இடத்துக்குப் போட்டி போடும். எனவே முதலில் காரம் சேர்த்து நிக்கலை ஹைட்ராக்சைடு திப்பிகளாக்கி, பிறகு மிதக்கவிடுவதே கைக்கு அடக்கமான வழி. ஒரு திப்பியில் எண்ணற்ற நிக்கல். அதைத் தூக்க மேற்பரப்பில் ஒட்டும் அளவு சோப்பு போதும். அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரைத் தொட்டிக்குள் திறந்துவிடுவார்கள். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல நுண்குமிழிகள் கிளம்பி, நீர் பாலாக வெளுக்கும். மெல்லிய திப்பிகளைச் சிதைக்காமல் தூக்க இந்தப் பொடிக் குமிழிகளே ஏற்றவை.

அதே பட்டறை நீரில் வரக்கூடிய குரோமியம் வேறு ரகம். ஆறு இணைதிற வடிவில் அது எதிர்மின்னூட்டத்தோடு திரிவதால் காரத்துக்கு மசியாது. ஃபெரஸ் சல்ஃபேட் போட்டு மூன்று இணைதிறத்துக்கு இறக்கிய பிறகே திப்பியாகும். நஞ்சு மிகுந்தது அந்த ஆறு இணைதிற வடிவம்தான்; ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது இந்திய விதி.

வழித்தெடுத்த நுரைக்கசட்டை மண்ணில் கொட்டினால் மழை அதைக் கிணற்றுக்கே கொண்டுபோகும். அமிலத்தில் கரைத்தால் அதே நிக்கலை மீட்டெடுக்கலாம்.