விதையின் ஜீவனைக் காட்டும் சிவப்புச் சாயம்

மழையில் நனைந்த களத்து நெல்லும், ஈரம் உலராமல் குதிரில் கொட்டிய நெல்லும் பார்வைக்கு நல்ல விதையைப் போலவே தோன்றும். கருவில் உயிர் உண்டோ இல்லையோ என்பது கண்ணுக்குப் புலப்படாது. முளைப்புப் பரீட்சையில் நெல்லுக்குக் கடைசிக் கணக்கு எடுப்பது 14-ம் நாளில்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றங்காலும் உழுதாகிவிட்டபின் அவ்வளவு நாள் பொறுப்பது இயலாத காரியம். இச்சமயத்தில் உதவுவது டெட்ரஸோலியம் என்னும் உப்பு.

இதனை நீரில் கரைத்தால் நிறம் தோன்றாது. உயிருள்ள பாகம் சுவாசிக்கும்போது அதிலுள்ள என்ஸைம்கள் விடுவிக்கும் ஹைட்ரஜன் இவ்வுப்போடு சேர்ந்து, பார்மஸான் என்னும் சிவப்புச் சாயமாக மாறுகிறது. அச்சாயம் நீரில் கரையாதாகையால் உண்டான இடத்திலேயே தங்கிவிடும். செத்த பாகம் வெளுப்பாகவே நிற்கும். 1894-லேயே இவ்வுப்பு தயாரிக்கப்பட்டதாயினும், விதைப் பரீட்சைக்கு இதனை உபயோகிக்கும் முறையை 1942-ல் வெளியிட்டவர் ஜெர்மனி தேசத்து ஹோஹன்ஹைமிலிருந்த லாக்கோன் என்பவர். முன்பு அவர் கையாண்ட ஸெலினிய உப்போ கொடிய விஷம்.

நெல்லைச் சுமார் 18 மணி நேரம் ஊறவைத்து, கருவின் நடுவே நீளவாட்டில் பிளந்து, 100-க்கு 1 பங்கு வலுவுள்ள கரைசலில், 30 டிகிரி ஸென்டிகிரேட் உஷ்ணத்தில், இருட்டில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் கரைசல் கெடும். மறுநாளே முடிவு தெரிந்துவிடும்.

சாயத்தைப் பார்த்து முடிவு சொல்வதே கஷ்டம். கரு முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருந்தால் விதை நல்லது. முளைக்குருத்து வெளுத்திருந்தால் மற்ற பாகம் எவ்வளவு சிவந்திருந்தும் பயனில்லை. மிகக் கறுத்த சிவப்பு, அடிபட்டு நலியும் பாகத்தைக் குறிக்கும். நெல்லில் அரிசிப் பாகம் சிவக்காதது கண்டு அஞ்ச வேண்டாம். அது நல்ல விதையிலும் உயிரற்றதே. நிலக்கடலையிலோ பருப்பே உயிருள்ளதாதலால் அதுவும் சிவக்க வேண்டும்.

நெல் விதைக்குச் சட்டப்படி 80 சதம் முளைப்பு வேண்டும். ஆனால் சாயம் காட்டுவது உயிரையேயன்றி முளைப்பை அன்று. புதிதாய் அறுத்த நெல் உறக்கத்திலிருப்பதால், நன்றாய்ச் சிவந்தும் உடனே முளைக்காமலிருக்கலாம். விதைநேர்த்தி மருந்தினால் நேர்ந்த கெடுதியும் இதில் தெரியாமற் போகலாம். ஆகவே விதைப் பரிசோதனை நிலையத்திற்கு மாதிரி அனுப்புவோர், அறுவடை செய்த தேதியையும், மருந்து கலந்திருப்பின் அதன் பெயரையும் உடன் எழுதி அனுப்புதல் அவசியம். அவகாசமுள்ளவர்கள் 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்து வைத்துப் பார்ப்பதே போதும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.