பட்டப்பின் படிப்புக்கான விண்ணப்பமும் எமது பட்டதாரிகளும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்ததும் வருவது திரியாய். 1985 ஆம் ஆண்டில் வீடுகள் எரியூட்டப்பட்டு, மக்கள் இடம்பெயர்ந்து, நீண்டகாலம் வெறிச்சோடிக் கிடந்த பழம்பெருங் கிராமம் அது. இத்தகைய ஊர்களின் பிள்ளைகள் இடர்களைத் தாண்டிப் பட்டம் பெறுவது பாராட்டுக்குரியது. எனினும் பட்டப்பின் படிப்புக்கு, குறிப்பாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பிக்கும்போது, தகுதியிருந்தும் பலர் பின்தங்குகின்றனர். இதற்கு விண்ணப்பத்தைத் தயாரிக்கும் முறையும் ஒரு முக்கிய காரணம் என்பது எமது கருத்து.

உயர்தரப் பரீட்சையின் பின்னர் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இஸட் புள்ளியே அனுமதியைத் தீர்மானிக்கின்றது. திருகோணமலை, கல்வியிற் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுள் ஒன்று என்பதால் அதற்குரிய ஒதுக்கீடும் உண்டு. மாணவர் தம்மைப் பற்றி ஒரு வாக்கியமேனும் எழுத வேண்டியதில்லை. பட்டப்பின் படிப்பில் நிலைமை வேறு. ஏன் இத்துறை, ஏன் இப்பல்கலைக்கழகம், எதனை ஆராய விருப்பம் என்றெல்லாம் எழுதித்தரக் கேட்பார்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசிலோ, கற்பதனால் சொந்த நாட்டின் அபிவிருத்திக்கு விளையக்கூடிய பயனையும் விளக்குமாறு கோருகின்றது.

இங்கேதான் எமது பட்டதாரிகள் தடுமாறுகின்றனர். ஒன்றில் சுயவிபரக் கோவையை வசனநடையில் திருப்பி எழுதுகின்றனர். அல்லது கருணை மனு எழுதுகின்றனர். (விண்ணப்பம் என்ற சொல்லே எம்மவருக்கு மன்றாட்டை நினைவூட்டுவது காரணமோ என்னவோ!) இடம்பெயர்வை மறைக்க வேண்டியதில்லை. கல்வி தடைப்பட்ட ஆண்டுகளை இரண்டொரு வரிகளில் விளக்கியே ஆகவேண்டும். ஆனால் தெரிவுக் குழுவினர் முதலில் தேடுவது, விண்ணப்பதாரியிடம் ஆராயத்தக்க கேள்வியொன்று உண்டா என்பதையே.

கேள்விக்குத் திரியாயில் பஞ்சமில்லை. ஏறத்தாழ 7, 8 ஆம் நூற்றாண்டுகளுக்குரியதாகக் கருதப்படும் பாறைக் கல்வெட்டு அங்குள்ளது. பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், சங்கத மொழியில் பொறிக்கப்பட்ட அது, கடலோடி வணிகர்களையும் கிரிகண்டி சைத்தியத்தையும் குறிப்பிடுகின்றது. வரலாறு கற்ற ஒருவர், "எனக்குத் தொல்லியலில் சிறுவயது முதல் ஆர்வம்" என்று எழுதுவதை விட, கீழைக்கரைத் துறைகளுக்கும் தென்னிந்திய வணிகத்துக்கும் இருந்த தொடர்பை இக்கல்வெட்டிலிருந்து எவ்வாறு ஆராயலாம் என்று எழுதினால் அது எவ்வளவு கனதியானது! புவியியல் கற்றவருக்கு அருகேயுள்ள புல்மோட்டையின் இல்மனைற்று மணல் இருக்கின்றது. விவசாயம் கற்றவருக்குக் குளங்களும் வயல்களும் போதும்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று தொடங்கும் நன்னடத்தைச் சான்றிதழை இணைத்தாற் போதுமென்ற எண்ணம் இன்னும் நிலவுகின்றது. பெரும்பாலும் பரிந்துரையை விரிவுரையாளரே பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக, இரகசியமாக அனுப்புவார். மாணவரின் ஆய்வேட்டையும் ஆற்றலையும் அவர் உதாரணத்துடன் கூறவேண்டும். முடிவுத்திகதிக்கு முதல்வாரம் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் அவருக்கு முகமே நினைவில் வராது. ஆய்வேட்டின் பிரதியையும் நோக்கக் கூற்றின் வரைவையும் இரண்டு மாதங்களுக்கு முன்னரே கையளிப்பது நன்று. எழுதித்தர வேண்டியது விரிவுரையாளரின் கடமையும் ஆகும். அதனைச் சலுகையாகக் கருதும் போக்கு எமக்கு உடன்பாடானதல்ல.

பெயர் விடயத்தை அற்பமானதென எண்ணிவிடலாகாது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். பரீட்சைச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒருவிதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் காணப்படும். இடப்பெயர்வின்போது ஆவணங்களை இழந்து, பின்னர் பிரதி பெற்ற குடும்பங்களில் இச்சிக்கல் மேலும் கூடுதல். எனவே இறுதியாண்டிலேயே சான்றிதழ்களை அருகருகே வைத்து ஒப்பிட்டு, பிறப்புச் சான்றிதழை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பித்து, பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசியும் பெற்றுக்கொள்ள வேண்டும். திரியாயிலிருந்து நகருக்குச் செல்லும் அதே வீதியில், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. இவற்றையெல்லாம் விளக்கும் ஒருநாட் பயிலரங்கை அங்கு ஆண்டுதோறும் நடத்துவதற்குப் பெருநிதி தேவைப்படாது.