சங்க அலுவலகத்திற்கு விலையில்லா மென்பொருள்

நெசவாளர் சங்கத்தில் கூலிப் பட்டியலும் நூல் இருப்புக் கணக்கும், விவசாயிகள் சங்கத்தில் விதை, உரம் வினியோகப் பட்டியலும், இரண்டிலும் பொதுக்குழு அறிவிப்பும் தீர்மான நகலும் இன்று கணினியிலேயே தயாராகின்றன. இவ்வேலைகளுக்கு உதவும் எழுத்துச் செயலி, அட்டவணைச் செயலி முதலியவற்றின் தொகுப்பையே ஆபீஸ் மென்பொருள் என்கிறோம். இதற்குப் பணம் கொடுக்க வேண்டுமா, விலையில்லாத ஒன்றைக் கொள்ளலாமா என்பது நிர்வாகக் குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம். செலவாவது அங்கத்தினர் பணமாதலால், விவரங்களை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் 2016, 2019 பதிப்புகளுக்கு அந்நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. அவை இன்னும் இயங்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. சந்தா முறையில் வாங்கும் பதிப்பிலோ, சந்தா தவறினால் சிறிது காலத்திற்குப் பின் கோப்பைப் படிக்கலாம், அச்சிடலாம், திருத்த இயலாது. திருட்டுப் பிரதியை நிறுவிக் கொள்வது வழியாகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, தெரிந்தே அத்தகைய பிரதியைக் கணினியில் பயன்படுத்துவது சிறைத் தண்டனைக்கும் அபராதத்திற்கும் உரிய குற்றம்.

மாற்றாகப் பெரிதும் பேசப்படுவது லிப்ரே ஆபீஸ். ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட மென்பொருளை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கி, 2000-ஆம் ஆண்டில் அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்தது. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் வசமாயிற்று. அவ்வாண்டே அதன் ஆக்குநர் பலர் தனியே பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். பெர்லினில் அமைந்த டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை இப்போது அதனைப் பேணி வருகின்றது.

இலவசம் என்பதில் இருவகை உண்டு. உரிமையாளர் விரும்பும்வரை விலையின்றித் தருவது ஒருவகை. அவர் மனம் மாறினால் அது நின்றுவிடும். மூல நிரலையும், பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையையும் சேர்த்து வழங்குவது மற்றொரு வகை. லிப்ரே ஆபீஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் கோப்பு முறையாகிய ஓ.டி.எஃப். 2006-ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. இம்முறை எந்த ஒரு நிறுவனத்திற்கும் தனியுடைமையன்று. பத்தாண்டு கழித்துத் தணிக்கைக்குப் பழைய பட்டியல் தேவைப்படும்போது, அதனைத் திறப்பதற்கு எவரிடமும் சந்தா கட்டி நிற்க வேண்டியதில்லை. விலையினும் பெரிய நன்மை இதுவே.

எனினும் குறைகளையும் அறிதல் வேண்டும். எக்செலில் எழுதிய மேக்ரோக்கள் சில சரிவர இயங்கா. எழுத்துரு மாறினால் பக்க அமைப்பும் மாறும். யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருவில் தட்டிய கடிதங்கள், அவ்வெழுத்துரு கணினியில் இல்லையேல் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்; இக்குறை எல்லா மென்பொருளுக்கும் பொது. மேலும், துறை வகுத்தளித்துள்ள கணக்கு மென்பொருளுக்கு இது பதிலாகாது.

ஆகவே மாறுமுன் சோதித்தல் அவசியம். பழைய மென்பொருள் உள்ள கணினியிலேயே புதியதையும் நிறுவலாம். அதனை டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுக. அதற்கு விலை கேட்பவரை நம்பற்க. கூலிப் பட்டியல், பொதுக்குழு அறிவிப்பு, மேலலுவலகம் அனுப்பிய படிவம், பழைய கடிதம் ஆகிய நான்கின் நகல்களை எடுத்துத் திறந்து பார்க்கவும். மூலக் கோப்புகளில் கை வைக்கலாகாது. கூட்டுத்தொகைகளைப் பேரேட்டுடன் ஒப்பிடுக. திருத்திய கோப்பொன்றை மேலலுவலகத்திற்கு அனுப்பி, அங்கே சரியாகத் திறக்கின்றதா என்று கேட்டறிக. ஒரு மாதம் இரண்டையும் அருகருகே நடத்தினால் உண்மை விளங்கிவிடும். மாறிய பின், சங்கத்தின் சொந்தக் கோப்புகளை ஓ.டி.எஃப். முறையில் வைத்துக்கொண்டு, திருத்தம் வேண்டாத அறிவிப்புகளைப் பி.டி.எஃப். ஆக வெளியே அனுப்பலாம்.

விலையில்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணுதல் கூடாது. ஊழியர் பழகுவதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி ஆயிரக்கணக்கான கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியும், 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, 2024-இல் சுமார் 30,000 அலுவலகக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. ஓரிடத்து முடிவு மற்றோரிடத்திற்கு அப்படியே பொருந்தாது என்பது இவற்றால் விளங்கும்.

நமது சங்கத்திற்கு ஏற்றது எது என்பதை நமது காகிதங்களே சொல்லும். சோதனையின் முடிவை எழுத்தில் வைத்து, ஆண்டுச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஒப்பிட்டு, நிர்வாகக் குழு தீர்மானிக்கட்டும். செயலாளரும் எழுத்தரும் சேர்ந்தே பழகட்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை, அவர் விடுப்பில் செல்லும் நாளில் நின்றுபோகும். அடுத்த பொதுக்குழுவில் இச்செலவு இனத்தைப் பற்றிக் கேட்பது அங்கத்தினரின் உரிமை, கடமையும் ஆகும்.