வன்பொருள் பணப்பை

வன்பொருள் பணப்பை என்பது பிட்காயின் முதலிய மறையீட்டு நாணயங்களைச் (கிரிப்டோகரன்சி) செலவிடத் தேவையான தனித்திறவுகோலைக் கணினிக்கு வெளியே பாதுகாக்கும் சிறு கருவி ஆகும். செக் குடியரசின் டிரெசர், பிரான்சின் லெட்ஜர் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை.

செயற்பாடு

கருவியை யூ.எசு.பி வடத்தால் இணைக்கும்போது, கணினி பரிமாற்ற விவரத்தை மட்டுமே அதற்கு அனுப்புகிறது. கருவி தன்னுள்ளேயே கையொப்பமிட்டு, அக்கையொப்பத்தை மட்டும் திருப்பித் தருகிறது. திறவுகோல் கருவியை விட்டு வெளியேறுவதில்லை. ஆயினும் கணினியிலுள்ள தீநிரல், பெறுநரின் முகவரியை மாற்றிவிட்டுத் திரையில் சரியானதைப் போலக் காட்ட இயலும்.

பாதுகாப்பாக இணைத்தல்

* உரிய மென்பொருளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்க வேண்டும்.
* பெறுநர் முகவரியையும் தொகையையும் கருவியின் திரையிலேயே சரிபார்க்க வேண்டும்.
* 12 அல்லது 24 மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும்; இணையத்தளம் எதிலும் உள்ளிடலாகாது.

வசீர்எக்சு திருட்டு

2024 சூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்சு பரிமாற்றகத்திலிருந்து 23 கோடி அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட மதிப்புடைய நாணயங்கள் திருடப்பட்டன. அதன் கையொப்பதாரர்கள் வன்பொருள் பணப்பைகளையே பயன்படுத்தியிருந்தனர். திரையில் காட்டப்பட்ட விவரமும் உண்மையில் கையொப்பமிடப்பட்டதும் வேறுபட்டிருந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. முழு விவரத்தையும் கருவியில் படித்தறியாமல் ஒப்புதல் அளிப்பது குருட்டுக் கையொப்பம் எனப்படுகிறது. இவ்வாறு ஒப்புதல் அளித்தால், திறவுகோல் களவு போகாமலேயே பணம் களவு போகக்கூடும்.