காரைத் தாழ்த்தியாச்சு... 17 இன்ச் வீல் போடலாமா? டயர் கணக்கு இதுதான்!

ஸ்பிரிங்கை மாத்தி காரை இறக்கினதும் அடுத்து வர்ற ஆசை, பெரிய அலாய் வீல். பார்க்க சூப்பர்தான். ஆனா, கார் இறங்கும்போதே சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் தூரம் குறைந்துவிடுகிறது. அதன்பிறகு பள்ளத்தில் விழும் அடியைத் தாங்க மிச்சமிருப்பது டயரின் பக்கச்சுவர், அதாவது சைடுவால். பெரிய வீல் அதையும் குறைத்துவிடும். அதனால், வாங்கும் முன் கொஞ்சம் கணக்கு போடலாம்.

185/65 ஆர்15... அர்த்தம் என்ன?

மாருதி ஸ்விஃப்டின் உயர் வேரியன்ட்களில் வரும் டயர் அளவு இது. 185 என்பது மி.மீட்டரில் அகலம். சைடுவால் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. ரிம் விட்டம் 15 இன்ச். ரிம்முடன் மேலும் கீழும் உள்ள சைடுவாலைச் சேர்த்தால், மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ.

எந்த அளவு செட் ஆகும்?

ரிம் பெருசானாலும் இந்த மொத்த விட்டம் மாறக் கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டும்.

* 195/55 ஆர்16: விட்டம் 621 மி.மீ., சைடுவால் 107 மி.மீ.
* 205/45 ஆர்17: விட்டம் 616 மி.மீ., சைடுவால் 92 மி.மீ.
* 205/55 ஆர்16: விட்டம் 632 மி.மீ. தாழ்த்திய காரில் வீல் ஆர்ச்சில் உரசும் வாய்ப்பு அதிகம்.

17 இன்ச்சில் சைடுவால் 28 மி.மீ. குறைகிறது. பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ரிம் வளையலாம், டயரில் வீக்கம் வரலாம். நம்ம ஊர் ரோட்டுக்கு 16 இன்ச்சோடு நிறுத்துவதே நல்லது.

ஆஃப்செட்டையும் பாருங்க

வீலில் 'ஈ.டி. 45' என்பதுபோல ஓர் எண் இருக்கும். அதே அகலத்தில் ஈ.டி. 35 போட்டால், வீல் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஆள் ஏறி கார் அமுங்கும்போது ஃபெண்டரில் உரசும். அதனால் நாலு பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா ஒடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்க.

டயரின் லோடு இண்டெக்ஸும் பழசை விடக் குறையக் கூடாது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான்.

காரை இறக்கினதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லைன்னா டயரின் உள்பக்கம் மட்டும் சீக்கிரம் தேயும்.

வேகத்தடையில் தப்பிக்குமா?

ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. 40 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 123. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை உயரமே 100 மி.மீ. மொத்த விட்டம் மாறாததால், பெரிய வீல் போட்டாலும் இந்த இடைவெளி கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் கேள்வி வரலாம். எனவே ஸ்பிரிங்குக்கும் வீலுக்கும் ஆர்டர் போடும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.