வெளிக்கம்பியும் உள்கம்பியும்

யாங்கோனின் அனவ்ரத்தா சாலையில், 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயிலைச் சுற்றியுள்ள கட்டடங்களில் கீழே கடையும் மேலே வீடுமாக இருப்பது பழைய வழக்கம். அத்தகைய கடைக்கு ஒரு ஃபைபர் இணைப்பு வருகிறது என்று கொள்வோம். பில் போடும் கணினிகளைத் தனி வலையமைப்பில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு லினக்ஸ் கணினியை ரவுட்டராக நிறுத்தும் முறை இது.

முதல் வேலை மின்சாரம். மின்வெட்டு அன்றாடம் என்பதால், விசிறி இல்லாத, 12 வோல்ட்டில் ஓடும் சிறு கணினியே ஏற்றது. 10 வாட் இழுக்கும் கணினியை 7 ஆம்பியர்-மணி பேட்டரி, பாதிவரை மட்டும் இறக்கினாலும், ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். ஃபைபர் மோடத்தையும் அதே பேட்டரியில் கோத்தால் நேரம் குறையும்; கோக்காவிட்டால் ரவுட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை. மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி பயாஸில் அமைத்துவிட வேண்டும்.

அடுத்து இரு போர்ட்டுகள். எது எதுவென்று ஊகிக்க வேண்டாம்: ஈத்டூல் கட்டளை கொடுத்தால் அந்தப் போர்ட்டின் விளக்கு மின்னும். மேக் முகவரியைக் கொண்டு ஒன்றுக்கு ‘வெளி’, மற்றொன்றுக்கு ‘உள்’ என்று பெயர் வைத்து, பெட்டியின்மேலும் எழுதி ஒட்டலாம். மோடம் 192.168.1.1 என்றால் வெளிக்கு 192.168.1.2, உள்ளுக்கு 192.168.20.1. இரண்டுக்கும் /24. டீஃபால்ட் கேட்வே வெளிப்பக்கம் மட்டுமே. உள்பக்கமும் ஒன்றைக் கொடுப்பதுதான் பலர் செய்யும் பிழை. கடைக் கணினிகளுக்கோ கேட்வே 192.168.20.1.

இப்போது இரு பக்கமும் ரவுட்டருடன் பேசும், ஒன்றோடொன்று பேசாது. கெர்னலில் ஐபி ஃபார்வர்டு என்னும் மதிப்பு 0 ஆக இருப்பதே காரணம். அதை 1 ஆக்கினால் ஒரு போர்ட்டில் வந்த பாக்கெட் மறு போர்ட்டில் வெளியேறும். கட்டளையாக மட்டும் கொடுத்தால் அது நினைவகத்தோடு போய்விடும். சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும்.

போன பாக்கெட்டுக்குப் பதில் வர வேண்டுமே. 192.168.20 வரிசை எங்கே இருக்கிறது என்று மோடத்துக்குத் தெரியாது. பதிலை எங்கோ அனுப்பிவிடும். மோடத்தில் ‘அந்த வரிசைக்கு வழி 192.168.1.2’ என்று ஒரு வரி எழுதினால் தீரும். அதுவே சுத்தமான வழி. ஆனால் இணைப்பு நிறுவனத்தின் மோடம் பெரும்பாலும் பூட்டியிருக்கும். அப்போது லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில் மாஸ்கரேட் விதி: வெளியேறும் பாக்கெட்டுகள் அனைத்தும் 192.168.1.2 என்ற முகவரியை அணிந்து செல்லும். திரும்பும் பதிலைக் கெர்னல் தன் இணைப்புப் பட்டியலைப் பார்த்து உரிய கணினிக்குச் சேர்க்கும்.

ஃபயர்வால் மூன்றே வரி. கடந்து செல்பவை அனைத்துக்கும் பொதுவிதி மறுப்பு. உள்ளிலிருந்து வெளிக்கு அனுமதி. ஏற்கெனவே தொடங்கிய உரையாடலின் பதிலுக்கு அனுமதி. இதையும் கோப்பில் சேமித்து, கணினி எழும்போதே என்எஃப்டேபிள்ஸ் தொடங்கும்படி செய்ய வேண்டும்.

சோதனைக்கு இரு திரைகள். ஒவ்வொரு போர்ட்டிலும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட, விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு பிங். உள்திரையில் அனுப்புநர் 192.168.20.15, டிடிஎல் 128. வெளித்திரையில் அதே பாக்கெட்: அனுப்புநர் (மாஸ்கரேட் இருந்தால்) 192.168.1.2, டிடிஎல் 127. குறைந்த அந்த ஒன்று, ரவுட்டர் தன் வேலையைச் செய்ததற்கான ரசீது. உள்திரையில் மட்டும் தெரிந்தால் ஃபார்வர்டிலோ ஃபயர்வாலிலோ கோளாறு. வெளித்திரையிலும் தெரிந்து பதில் வராவிட்டால் திரும்பும் வழியில் கோளாறு. தேட வேண்டிய இடம் பாதியாகிவிடுகிறது.

கடைசிச் சோதனைக்குத் திரை வேண்டாம். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின் இணைப்பையும் பேட்டரி இணைப்பையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மாட்ட வேண்டும். யாரும் விசைப்பலகையைத் தொடாமலே பதில்கள் மீண்டும் வரத் தொடங்கினால் பெட்டியை அலமாரியில் ஏற்றலாம்.